சின்னப் பிள்ளைகளுக்கும் ஒரு வட்டம் வேண்டும்



பெண்கள் சங்கக் கூட்டங்களுக்கு நாம் எல்லோரும் போய்வருகிறோம். கடன், கோழி வளர்ப்பு, தையல் என்று நிகழ்ச்சி நிரலில் எழுதியிருக்கும். ஆனால் கூட்டம் முடிந்த பின் மர நிழலில் நின்று கதைக்கும் அந்த அரை மணித்தியாலத்துக்காகவே பலர் வருகிறார்கள். அங்கே எதையும் முதலிலிருந்து விளங்கப்படுத்தத் தேவையில்லை. “அவர் போன பிறகு...” என்று ஒருவர் தொடங்கினால் மிச்சம் மற்றவர்களுக்கு விளங்கிவிடும். தனக்கு நேர்ந்தது தனக்கு மட்டுமே நேர்ந்ததல்ல என்று தெரியும்போது நெஞ்சிலுள்ள பாரம் பாதி குறைகிறது.

இந்த ஆறுதல் எங்கள் பிள்ளைகளுக்கு எங்கே கிடைக்கிறது? இந்த மாதம் அதைப் பற்றிச் சிந்திப்போம்.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. இன்று ஆரம்பப் பிரிவில், அதாவது தரம் 1 தொடக்கம் தரம் 5 வரை படிக்கும் பிள்ளைகளில் ஒருவர்கூடப் போரைக் கண்டவரல்லர். ஆனால் போர் விட்டுச் சென்றவற்றை அவர்கள் வீட்டுக்குள்ளே காண்கிறார்கள். தகப்பனின் செயற்கைக் கால் கதவோரம் சாத்தியிருக்கிறது. அம்மாவின் முதுகில் எடுக்க முடியாத செல் துண்டு இருக்கிறது. அம்மம்மா, காணாமல் ஆக்கப்பட்ட மாமாவின் படத்தைத் தூக்கிக்கொண்டு போராட்டப் பந்தலுக்குப் போய்வருகிறார். அயல் வீட்டுத் தாய் கடனை அடைப்பதற்காக மத்திய கிழக்குக்குப் போய்விட்டார். இவை எல்லாவற்றையும் சுமந்துகொண்டுதான் ஏழு வயதுப் பிள்ளை பாடசாலைக்குப் போகிறது. அங்கே, “உன்ர அப்பா ஏன் இப்படி நடக்கிறார்?” என்று ஒரு பிள்ளை கேட்கிறது. இன்னொன்று நடந்து காட்டிப் பகிடி பண்ணுகிறது. மறுநாள் பிள்ளைக்கு வயிற்றுவலி. பாடசாலைக்குப் போக மாட்டேன் என்று அழுகிறது. நாமும் வயிற்றுவலிக்கு மருந்து தேடுகிறோம்.

ஒத்த பிள்ளைகளின் வட்டம் என்றால் என்ன?

அமெரிக்காவிலே பல பாடசாலைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரே அடையாளமோ ஒரே வகையான அனுபவமோ உடைய பிள்ளைகளைக் கிழமைக்கு ஒருமுறையோ இரண்டு கிழமைக்கு ஒருமுறையோ சிறு குழுவாகக் கூட்டி, ஓர் ஆசிரியரின் துணையோடு கதைக்கவும் விளையாடவும் விடுகிறார்கள். கறுப்பினப் பிள்ளைகள், குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள், தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகள், பெற்றோர் பிரிந்துபோன பிள்ளைகள் என்று இக்குழுக்கள் பலவகைப்படும். ஆரம்பத்தில் இவை பெரும்பாலும் உயர் வகுப்பு மாணவருக்கே இருந்தன. பின்னர் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கும் தொடங்கினார்கள்.

“இவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் என்ன விளங்கும்?” என்று நீங்கள் கேட்கலாம். கெனத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதியர் 1940 களில் செய்த ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. நிறத்தைத் தவிர வேறு வித்தியாசமில்லாத பொம்மைகளை 3 முதல் 7 வயது வரையான கறுப்பினப் பிள்ளைகளின் முன் வைத்து, எந்தப் பொம்மை நல்லது, எதனோடு விளையாட விருப்பம் என்று கேட்டார்கள். பெரும்பான்மையான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையையே காட்டினார்கள். “உன்னைப் போல இருப்பது எது?” என்று கேட்டபோது சிலர் அழுதுவிட்டார்கள். பாடசாலைகளில் நிறத்தின்படி பிள்ளைகளைப் பிரித்து வைப்பது சட்டவிரோதம் என்று அமெரிக்க உயர்நீதிமன்றம் 1954 இல் தீர்ப்பளித்தபோது இந்த ஆய்வும் கவனத்தில் எடுக்கப்பட்டது.

ஆகவே, தன்னைப் பற்றி உலகம் என்ன நினைக்கிறது என்பதை ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகுமுன்பே படித்துவிடுகிறது. “சின்னப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது” என்பது பெரியவர்களாகிய எங்களுக்கான ஆறுதல்தான்.

பிரித்து வைப்பது பிழையாகாதா?

இது மிக நியாயமான பயம். இனத்தின் பெயரால் பிரிக்கப்பட்டதன் விலை என்னவென்று எங்களைவிட அறிந்தவர் யார்? பிள்ளைகளையும் குழுக் குழுவாக இருத்த வேண்டுமா?

இந்தப் பயத்துக்கும் ஆய்வு உண்டு. முசாபர் ஷெரீப் என்ற சமூக உளவியலாளர் 1954 இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் 22 சிறுவர்களை ஒரு விடுமுறை முகாமுக்கு அழைத்துச் சென்றார். எல்லோரும் ஏறத்தாழ 11 வயதினர், ஒரே இனத்தவர், ஒரே மதத்தவர். அவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பெயரும் கொடியும் வைத்துக்கொள்ள விட்டு, பரிசுக்காகப் போட்டி போட வைத்தார். சில நாட்களிலேயே ஒருவரையொருவர் திட்டவும் கொடியை எரிக்கவும் தொடங்கிவிட்டார்கள். பின்பு சேர்ந்து படம் பார்க்க வைத்தும், சேர்ந்து சாப்பிட வைத்தும் பகை தீரவில்லை. முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோய், இரு பகுதியாரும் சேர்ந்து தேடினால்தான் தண்ணீர் என்ற நிலை போன்ற பொதுவேலைகளைக் கொடுத்தபோதே பகை தணிந்தது.

அமெரிக்காவிலும் இந்த வட்டங்கள் பற்றி எல்லோரும் ஒரே கருத்துடையவர்களல்லர். நியூயோர்க்கிலுள்ள ஒரு தனியார் பாடசாலை, மூன்றாம் வகுப்பு முதல் பிள்ளைகளை இனவாரியாகக் கட்டாயமாகக் குழுக்களில் சேர்த்தபோது பெற்றோர் இரண்டாகப் பிரிந்து வாதாடினார்கள். 2015 இல் அது பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வெல்ஸ்லி என்ற ஊரில் 2021 இல் பெற்றோர் சார்பில் வழக்கே தொடரப்பட்டது. இத்தகைய நிகழ்வுகள் விருப்பமுள்ள எல்லா மாணவருக்கும் திறந்திருக்கும் என்ற இணக்கத்தோடு அது 2022 இல் முடிந்தது.

இவற்றிலிருந்து நாம் மூன்று பாடம் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, வட்டத்தில் எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்திச் சேர்க்கக்கூடாது. இரண்டு, வட்டங்களுக்கிடையே போட்டி, பரிசு, கொடி எதுவும் கூடாது. மூன்று, வட்டத்தின் கதவு திறந்திருக்க வேண்டும். அங்கிருந்து பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து வேலை செய்யப் போக வேண்டும். காயத்துக்கு மருந்து கட்ட ஓர் அறைக்குள் போகிறோம். அங்கேயே குடியிருப்பதில்லை.

எமது நாட்டிலே இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. போர் நடந்துகொண்டிருந்த 1996 இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளை அங்கே அழைத்து வந்து, களிமண், ஓவியம், கதை, நாடகம் என்று ஒன்றாகவே ஈடுபட வைத்தார்கள். “உனக்கு என்ன நடந்தது, சொல்” என்று பிள்ளைகளை நெருக்குவதற்குப் பதிலாக விளையாட்டின் வழியே மனம் ஆற இடம் கொடுத்தார்கள். இரு இனத்துப் பிள்ளைகளையும் சேர்த்து வைத்தது போரின் காயம் என்ற பொது அனுபவம்.

எந்த வட்டம் பொருந்தும், எது பொருந்தாது?

எந்த அடையாளத்தையும் எடுத்து வட்டம் போட்டுவிட முடியாது. தொடங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இதைப் பிள்ளை தலை நிமிர்ந்து சொல்லக்கூடியதா? வெளியே தெரிந்தால் பிள்ளைக்கோ குடும்பத்துக்கோ ஆபத்து வருமா? இதன் காரணமாகப் பிள்ளை ஏற்கெனவே தனித்துப்போயிருக்கிறதா?

தாயோ தகப்பனோ மாற்றுத்திறனாளியாக உள்ள பிள்ளைகளுக்கு வட்டம் நன்றாகப் பொருந்தும். தாய் வெளிநாட்டில் வேலை செய்ய, அம்மம்மாவோடு வளரும் பிள்ளைகளுக்கும் பொருந்தும். காது கேட்கும் கருவி போடும் பிள்ளைகள், சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைகளுக்கும் பொருந்தும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல, புத்தளத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டு ஊர் திரும்பியுள்ளன. அவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரு வகுப்பில் இரண்டு பேர், மூன்று பேராக இருந்தால், “இது என்ர ஊர்தானா?” என்ற கேள்வி அவர்களுக்கு வரும். அவர்களுக்கும் ஒரு வட்டம் உதவும்.

வன்னியில் வாழும் மலையக வம்சாவளிக் குடும்பங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1958, 1977 வன்செயல்களின் பின் மலைநாட்டிலிருந்து வந்து கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களில் காடு வெட்டிக் குடியேறியவர்கள் இவர்கள். கடைசிவரை போரின் நடுவிலும் நின்றவர்கள். இருந்தும் ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல் இன்றும் சில பாடசாலை முற்றங்களில் கேட்கிறது. மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவானதை நினைவுகூர்ந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. தன் பூட்டன் அந்த வழியால் நடந்து வந்தவர், இந்த நாட்டின் தேயிலை அவர் கையால் உண்டானது என்று பெருமையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளையை அந்த வசைச்சொல் முன்போல நோகடிக்காது. பெற்றோர் விரும்பினால் இந்த வட்டம் நன்மை தரும்.

சாதியின் பெயரால் ஒருபோதும் வட்டம் போடாதீர்கள். அது பிறர் ஒட்டிய பெயர்ச்சீட்டு. அதன்படி பிள்ளைகளைக் கூட்டுவது, மறைந்திருப்பதை ஊருக்குக் காட்டிக்கொடுப்பதாக முடியும். அங்கே திருத்த வேண்டியது, இருக்கையையும் தண்ணீர்க் குவளையையும் பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் பெரியவர்களைத்தான். அவ்வாறே முன்னாள் போராளிகளின் பிள்ளைகள் என்றோ, பாலியல் வன்முறைக்கு உள்ளான தாய்மாரின் பிள்ளைகள் என்றோ ஒரு பெயர்ப் பட்டியல் உருவாகவே கூடாது. பட்டியல் யார் கைக்கும் போகலாம். அப்படியான பிள்ளைக்குத் தனிப்பட்ட உளவளத்துணையே பாதுகாப்பானது.

தொடங்குவது எப்படி?

முதலில் அதிபரிடம் கதையுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் தாய்மார் இரண்டு மூன்று பேர் சேர்ந்து போனால் நல்லது. பாடசாலையில் வசதிப்படாவிட்டால் கிராமத்துச் சிறுவர் கழகத்தின் ஊடாகச் செய்யலாம். பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இதற்கு வழி காட்டுவார். வெளி நிறுவனம் ஒன்று உதவுவதானால் உரிய அனுமதியோடுதான் பாடசாலைக்குள் வர வேண்டும்.

ஒரு வட்டத்தில் 5 முதல் 8 பிள்ளைகள் போதும். தரம் 2, 3 பிள்ளைகளை ஒன்றாகவும் தரம் 4, 5 பிள்ளைகளை ஒன்றாகவும் வையுங்கள். இரண்டு பெரியவர்கள் எப்போதும் இருக்க வேண்டும். ஒருவராவது பிள்ளைகளின் அனுபவத்தைத் தானும் உடையவராக இருந்தால் சிறப்பு. செயற்கைக் காலோடு நடக்கும் ஒரு தாய் வட்டத்தில் வந்து இருந்தாலே போதும். பாதி வேலை முடிந்துவிடும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, முக்கால் மணித்தியாலம், ஒரு தவணைக்கு ஆறு சந்திப்புகள் என்று வைத்துக்கொள்ளலாம். இடைவேளையையோ விளையாட்டுப் பாடத்தையோ இதற்காகப் பறிக்காதீர்கள். பிள்ளைகளைத் தண்டிக்கும் அறையில் கூடாதீர்கள். நூலகம் நல்லது, மர நிழல் அதைவிட நல்லது.

தாயிடமோ பாதுகாவலரிடமோ எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பிள்ளையிடமும் கேளுங்கள். “வரவில்லை” என்று பிள்ளை சொன்னால் விட்டுவிடுங்கள். இரண்டு சந்திப்பு வந்துவிட்டு நிற்க விரும்பினாலும் காரணம் கேட்டு நெருக்காதீர்கள். வட்டத்துக்கு ‘ஊனமுற்றோர் பிள்ளைகள் குழு’ போன்ற பெயர் வேண்டாம். ஒரு பூவின் பெயரையோ குருவியின் பெயரையோ பிள்ளைகளே வைக்கட்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். இந்த வட்டத்தில் புத்தகப்பை, சப்பாத்து, பால்மா என்று எதையும் கொடுக்காதீர்கள். எங்கள் ஊர்களில் பெயர் எழுதினால் சாமான் வரும் என்ற பழக்கம் ஏற்பட்டுவிட்டது. சாமான் கொடுத்தால், அதற்காகத் தாய் பிள்ளையை அனுப்புவார். கிடைக்காத பிள்ளை பொறாமைப்படும். வட்டத்துப் பிள்ளைக்கு ‘உதவி வாங்குகிற பிள்ளை’ என்று புதிய பட்டமும் கிடைக்கும். உதவி தேவைப்பட்டால் அதற்கு வேறு வழி தேடுங்கள். அவ்வாறே நிறுவனத்தின் அறிக்கைக்காகப் பிள்ளைகளைப் படம் எடுக்கவும் விடாதீர்கள்.

வட்டத்தில் என்ன செய்வது?

முதற் சந்திப்பில் விளையாட்டு மட்டும். இரண்டாவதில் ‘எங்கள் வீடு’ என்று படம் கீறச் சொல்லலாம். யாரைக் கீற வேண்டும், யாரைவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருக்கும் அம்மாவை விமானத்துக்குள் கீறினால், “வடிவாயிருக்கு, இவ யார்?” என்று கேட்டால் போதும். மூன்றாவதில் ஒரு கதை. ஒரு கால் நொண்டும் நாரையின் குஞ்சு பள்ளிக்கூடம் போன கதையை நீங்களே கட்டலாம். குஞ்சுக்கு என்ன நடந்திருக்கும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். தங்களைப் பற்றித்தான் சொல்வார்கள். ஆனால் நாரைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு சொல்வது இலகு.

நான்காவதும் ஐந்தாவதும் மிக முக்கியமானவை. பகிடிக்குப் பதில் சொல்லப் பழக்க வேண்டும். துணிப் பொம்மைகளைக் கையில் மாட்டிக்கொண்டு நடித்துப் பழகலாம். மூன்று வகைப் பதில் கற்றுக்கொடுங்கள். முதலாவது, சுருக்கமான உண்மை: “அப்பாவுக்குக் கால் காயம். ஆனா அவர் என்னைச் சைக்கிளில ஏத்திப் போவார்.” இரண்டாவது, மறுக்கும் உரிமை: “அதைப் பற்றிக் கதைக்க எனக்கு விருப்பமில்லை.” மூன்றாவது, பெரியவரிடம் போவது: “நான் ரீச்சரிட்டச் சொல்லப் போறன்.” எதைச் சொல்வதென்று பிள்ளையே தெரிவு செய்யட்டும். பதில் கையில் இருக்கும் பிள்ளைக்கு வயிற்றுவலி குறையும்.

ஆறாவது சந்திப்புக்கு ஒவ்வொரு பிள்ளையும் வெளியிலிருந்து ஒரு நண்பரையோ நண்பியையோ அழைத்து வரட்டும். எல்லோரும் சேர்ந்து பாடசாலைக்கு ஒரு வேலை செய்யட்டும். பூக்கன்று நடலாம், நூலகச் சுவரில் படம் கீறலாம். ஷெரீப்பின் சிறுவர்களுக்குத் தண்ணீர் செய்த வேலையை இது செய்யும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. “செல் விழுந்ததைச் சொல்லு” என்று தோண்டாதீர்கள். அழுகிற பிள்ளையை “அழாதே” என்று அடக்காதீர்கள். ஒரு பிள்ளை சொன்னதை மற்றத் தாயிடம் கதையாகச் சொல்லாதீர்கள். ஆனால் பிள்ளைக்கு யாராவது அடிக்கிறார்கள், தகாத முறையில் தொடுகிறார்கள் என்று தெரியவந்தால் அது இரகசியமல்ல. சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்திலோ உடனே அறிவிக்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் நாம்

வட்டம் தொடங்கக் காலம் எடுக்கலாம். வீட்டில் இன்றே தொடங்கலாம். அப்பாவின் கால் ஏன் இல்லை என்று பிள்ளை கேட்டால், “போய்ப் படி” என்று கலைக்காதீர்கள். அதன் வயதுக்கு ஏற்ற நாலு வசனத்தில் உண்மையைச் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் பாடசாலை முற்றத்தில் வேறொருவர் சொல்வார். அது வசையாக வரும். எங்கள் பிள்ளையைப் பகிடி பண்ணாதே என்று கேட்கும் நாம், எங்கள் பிள்ளை யாரைப் பகிடி பண்ணுகிறது என்றும் பார்க்க வேண்டும். ‘தோட்டக்காட்டான்’, ‘நொண்டி’, ‘சோனி’ என்ற சொற்களைப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிப்பதில்லை. எங்கள் குசினியில் இருந்துதான் எடுத்துப் போகிறார்கள்.

இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைகள் சமவாயம், தன் அடையாளத்தைப் பேணவும், தன் சமூகத்தாரோடு சேர்ந்து தன் பண்பாட்டையும் மொழியையும் மதத்தையும் அனுபவிக்கவும், மற்றப் பிள்ளைகளோடு கூடவும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமை உண்டென்கிறது. ஆகவே அதிபரிடம் நாம் கேட்கப்போவது சலுகையல்ல.

சகோதரிகளே, அடுத்த சங்கக் கூட்டத்தில் கடன் கணக்கு முடிந்த பின் பத்து நிமிடம் இதற்காக ஒதுக்குங்கள். எங்கள் பாடசாலையில் எந்தப் பிள்ளை இடைவேளையில் தனியே நிற்கிறது என்று மட்டும் ஒருவரையொருவர் கேளுங்கள். இரண்டு தாய்மார் ஒரே பதிலைச் சொன்னால், அந்தப் பிள்ளையிலிருந்தே உங்கள் வட்டத்தைத் தொடங்கலாம்.